அடைப்புக்குறிகள்

நீதிமன்றம் அன்று தார்ப்பாய்க்குக் கீழே கூடியது.
வறண்ட ஆற்று மணலில் பிளாஸ்டிக் நாற்காலிகள்.
ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நான்,
பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்கிறவன்.
அடிலெய்டிலிருந்து இரண்டு நாள் பயணம்.
ஈக்களையும் தட்டினேன். அவை பதிவில் இல்லை.

உங்கள் நிலம் எதுவரை, என்றார்
சுரங்கக் கம்பெனியின் வக்கீல்.
க்ளென்னிஸ் வாரலா உதட்டைக் குவித்து
வடக்கே காட்டினாள்.
பதிவுக்காக வாயால் சொல்லுங்கள்.

"உடும்பு அந்த மேட்டில் ஏறுகிறவரை
எங்கள் பாஷை பேசுகிறது.
இறங்கும்போது வேறு பாஷை.
அங்கிருந்து அவர்களுடையது.
கேட்டுக்கொண்டுதான் நான் கால் வைப்பேன்."

பேசியது, என்கிறீர்கள்.
"பேசுகிறது."
அந்தக் காலத்தில் பேசியது.
"பேசுகிறது."

வக்கீல் இறந்தகாலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்.
அவளிடம் அந்த விகுதி இல்லை.

பிறகு பாடினாள்.
(சாட்சி பாடுகிறார்) என்று அடித்தேன்.
பதினொரு நிமிடம்.
உடும்பு மணலைத் தோண்டி எழுப்பிய ஊற்று,
அது முட்டையிட்ட பாறைப் பிளவு,
வால் பட்டு வளைந்த ஆறு,
எல்லாம் அந்த இரண்டு வளைகோடுகளுக்கு நடுவே.

மிச்சப் பாட்டு?
"பெண்களுடையது."
நீதிபதி ஆண்களை எழுப்பி அனுப்பினார்.
லாரிக்குப் பின்னால் நின்று டீ குடித்தோம்,
நானும் எதிர்த்தரப்பும், ஒரே சர்க்கரை டப்பாவில்.
(மூடிய அமர்வு.)

திரும்பி வந்ததும் வக்கீல் சொன்னார்:
ரகசியம் என்றால் நாங்கள் எதை நம்புவது?
"பட்டா எல்லோருக்கும் காட்டுவதற்கு.
இது காட்டாமல் வைத்திருப்பதால்தான் எங்களுடையது."

மூன்றாம் நாள் வம்சாவளிப் படத்தை விரித்தார்கள்,
மேஜை போதாமல் ஜீப்பின் முகப்பில்.
நாற்பத்தேழாம் எண், என்று வக்கீல்
ஒரு பெயரை உரக்கப் படித்தார்.

பெண்கள் தலை கவிழ்ந்தார்கள்.
ஒரு கிழவர் எழுந்து மணலில் நடந்து போனார், திரும்பவேயில்லை.
க்ளென்னிஸ் பாவாடை நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள்.
அவள் தம்பி. போய் மூன்று வாரம்.
போனவன் பெயரைச் சொல்வதில்லை அங்கே.
தெரியாமல் நான் மட்டும் தலை நிமிர்ந்தேன்,
அது என் பெயரும் என்பதால்.

அன்று மாலையிலிருந்து யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை.
இறந்தவனோடு பெயரைப் பகிர்ந்தவர்களுக்கென்று
அவர்களிடம் ஒரு சொல் இருந்தது.
கோபமில்லாமல், குளிருக்குப் போர்த்துகிற மாதிரி,
அதை என்மேல் போட்டார்கள்.
"இந்தா, ரொட்டி," என்று அந்தச் சொல்லால் அழைத்தார்கள்.
பத்து நாள் நான் வேறொருவர் வீட்டுத் துக்கமாக இருந்தேன்.

அறிக்கையில் பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
அங்கே அந்தப் பெயர் இருக்கிறது.
நான்தான் அடித்தேன்.
அடித்ததை அழிக்க எனக்கு அதிகாரமில்லை.
இங்கே எழுதாமலிருக்க இருக்கிறது.

ஆறு வருடம் கழித்துத் தீர்ப்பு, அதே ஆற்றில்.
நிலம் அவர்களுடையது
நெடுஞ்சாலை நீங்கலாக,
மாட்டுப் பண்ணையின் ஆழ்துளைக் கிணறு நீங்கலாக,
குத்தகை முடிகிறவரை
மேட்டின் தெற்குச் சரிவு நீங்கலாக.

தெற்குச் சரிவுதான் வால்.
பல்லி என்றால் முளைக்கும்.
உடும்புக்கு முளைப்பதில்லை.

ஆனாலும் கைதட்டினார்கள். யாரோ ஆட்டிறைச்சி சுட்டார்கள்.
நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
அப்போது, ஆறு வருடத்தில் முதல்முறையாக,
க்ளென்னிஸின் குரல் அந்தப் பெயரை
மணல் அதிரக் கூப்பிட்டது.

திரும்பினேன்.
ஐந்து வயதுப் பையன் ஒருவனும் திரும்பினான்,
வாயெல்லாம் ஆரஞ்சு ஐஸ் வடிய.
என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான்,
பிறகு அவளிடம் ஓடினான்.